எல்லாவற்றுக்கும் 'ஓகே லா'

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டேன்.

இதில் என்ன பெரிய செய்தி என்கிறீர்களா? என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் சேர்த்து எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளும் நானே. அதனால் திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு ரேஷன் கார்டு, காஸ் கனெக்‌ஷன், ஸ்கூல் அட்மிஷன் என்று எந்தப் படிவம் வந்தாலும் அது நேராக என் வீட்டுக்குத்தான் வரும். நானும் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அதில் கர்வம் உண்டு. மறைப்பானேன்?

எங்கள் கார்ப்பரேஷன் பள்ளி டீச்சர் ஒருவர் பரீட்சைக்குப் பரீட்சை சொல்வார்: "ஒரு கேள்வியையும் விடாதே. தெரிந்த அளவுக்காவது எழுது." அதை அப்படியே பிடித்துக்கொண்டவள் நான். என் கையில் வந்த படிவத்தில் காலிக் கட்டம் இருந்ததே கிடையாது.

போன வாரம் பக்கத்து வீட்டு ராணியக்காவுக்கு ஒரு படிவம் நிரப்பினேன். கடைசியில் 'வேறு தகவல் ஏதேனும்' என்று ஒரு கட்டம். எதுவும் எழுதாமல் பேனாவை மூடினேன். ராணியக்கா விடவில்லை. "இன்னா கலா, இத்த வுட்டுட்ட? எய்தும்மா எதுனா." எனக்குக் கை வரவில்லை.

ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை. கதை என்ன கதை... நடந்தது.

என் சித்தப்பா சேகர், அப்பாவின் தம்பி. சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். எங்கள் ஆட்கள் எல்லாம் போட்டில் ஏறி மீன் பிடிக்கப் போனார்கள். இவர் மட்டும் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கித் தகடு ஒட்டப் போனார். பதினாலு வருஷம். வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சத்தை அங்கேயே ஒரு பேங்கில் போட்டு வைத்தார். ஊருக்குக் கொண்டுவந்தால் ஆளாளுக்குக் கேட்பார்களாம். அவர் கவலை அவருக்கு.

லீவில் வந்திருந்தபோது, ஒரு நாள் காலையில் பல் விளக்கப் போனவர் குழாயடியில் விழுந்தார். மூளைக்குள் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கை போயிற்று. வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, பேச்சு திரும்பி வந்தது. எவ்வளவு? சரியாக ஒன்றே ஒன்று.

"ஓகே லா."

சிங்கப்பூர் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அங்கே தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் பேச்சின் வாலில் ஒரு 'லா' கட்டிவிடுவார்கள். பதினாலு வருஷத்தில் சித்தப்பாவுக்கும் அது ஒட்டிக்கொண்டது. லீவில் வந்து எங்கள் தெருவில் 'லா' போட்டுப் பேசி, எல்லோரிடமும் கிண்டல் வாங்குவார். தமிழ் போய், மெட்ராஸ் பாஷை போய், பெண்டாட்டி பெயரும் போய், அந்த வால் மட்டும் மிஞ்சியது.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். மூளையில் பேச்சுக்கான பகுதியும், பேச்சைப் புரிந்துகொள்கிற பகுதியும் பெரிதாக அடிபட்டிருக்கின்றன. சில பேருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் சிக்கிக்கொண்டு, கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி வந்துகொண்டே இருக்கும். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

சித்தி எடுத்துக்கொண்டாள்.

பவானி சித்தி நாள் முழுக்க அவரிடம் கேள்வி கேட்டாள். ஃபேன் போடட்டா? ஓகே லா. இட்லி ஊட்டட்டா? ஓகே லா. தலை வாரி விடட்டா? ஓகே லா. ஒவ்வொரு பதிலுக்கும் எங்களைத் திரும்பிப் பார்ப்பாள். "பாத்தியா? அதுக்கு எல்லாம் புரியுது. டாக்டருக்கு இன்னா தெரியும்?" கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் தன் பேச்சுக்கு இவ்வளவு ஒத்துப்போனதே இல்லை என்று சிரிப்பாள். நாங்களும் சிரித்தோம். வேறென்ன செய்வது?

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பயிற்சி கொடுத்தால் உட்கார வைக்கலாம், நிற்க வைக்கலாம், கையில் கொஞ்சம் அசைவு வரலாம். ஆனால் முதல் ஒரு வருஷம்தான் முக்கியம். அது போனால் போனதுதான். அந்தப் பயிற்சி தருகிற இடம் எங்கள் கைக்கு எட்டாத இடம்.

எட்டாவிட்டால் என்ன? அவர் பணம் சிங்கப்பூரில் இருக்கிறது. அவர் பணம், அவர் வைத்தியம். எடுத்துக்கொண்டு வந்தால் முடிந்தது. சுலபம்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். சித்தப்பாவிடம் ஏடிஎம் கார்டு இருந்தது. அதன் ரகசிய எண் அவர் தலைக்குள் இருந்தது. எந்த எண்ணைக் கேட்டாலும் ஓகே லா.

அந்த பேங்குக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். பதில் வந்தது — மரியாதையான பதில். கணக்கு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது, மனைவிக்கு அதில் எந்த அதிகாரமும் கிடையாது, முடியாதவருக்காகக் கோர்ட் நியமித்த காப்பாளர் வந்தால் பேசலாம்.

மனைவிக்கு அதிகாரம் இல்லையா? நான் அதை மூன்று முறை படித்தேன். தாலி கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, அவருக்கு மூத்திரத் துணி மாற்றுகிற சித்திக்கு அவர் பாஸ்புக்கைப் புரட்டக்கூட உரிமை இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் அப்படி என்று நினைக்காதீர்கள். இந்தப் பக்கமும் அதே சட்டம்தான். எனக்குத்தான் தெரியவில்லை. பட்டதாரியாம்!

பாரிமுனையில் ஜெயந்தி மேடம் என்று ஒரு வக்கீல். நல்ல மனுஷி, எங்களிடம் ஃபீஸ் பேச்சே எடுக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவர் தவறிப் போயிருந்தா இது சுலபம்."

சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மேடம் விளக்கினார். இறந்தவர் சொத்துக்குச் சட்டம் இருக்கிறது. சின்னப் பிள்ளையின் சொத்துக்குச் சட்டம் இருக்கிறது. மனநோயாளியின் சொத்துக்கும் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிற, மனநோய் இல்லாத, மூளை அடிபட்டு எதுவும் புரியாமல் படுத்திருக்கிற ஒருவருக்கு நேராகப் பொருந்துகிற சட்டம் எதுவும் இல்லை. ஹைகோர்ட்டில் தனியாக மனு போட்டு, நீதிபதியின் இரக்கத்தைக் கேட்க வேண்டும்.

எத்தனை பேர் வாதம் வந்து படுத்திருக்கிறார்கள் இந்த நாட்டில்! அவர்களுக்கெல்லாம் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் இல்லையா? வெளியே வந்ததும் சித்தி கேட்டதுதான் இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா கலா இது, பொழைச்சது தப்பா பூட்சா?"

மனு போட்டோம். கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, வீட்டுக்குப் போய் நேரில் பார்த்து வரச் சொன்னது. அவர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். சித்தப்பாவிடம் கேட்டார், எங்களிடம் கேட்டார், பேசாமலும் இருந்தார். யாரும் எதுவும் கேட்காதபோதும் சித்தப்பா மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்து ஓகே லா சொன்னார். கமிஷனர் அதைக் குறித்துக்கொண்டார். பார்த்தவருக்குப் புரிந்தது. சில வாரங்களில் உத்தரவு வந்தது: பவானி, சேகரின் உடலுக்கும் உடைமைக்கும் காப்பாளர்.

அரக்கு முத்திரை, கோர்ட் முத்திரை எல்லாம் வைத்த உத்தரவு. நான் அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். இனி என்ன? அனுப்ப வேண்டியதுதான். கோட்டையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை, சிங்கப்பூர் தூதரகத்தில் ஒரு முத்திரை. பின்பக்கம் முழுக்க முத்திரை. எட்டு மாதம் ஓடிவிட்டது.

பேங்கிலிருந்து பதில்: இந்த உத்தரவு இந்தியாவில் செல்லும்.

அவ்வளவுதான். அத்தனை முத்திரையும், 'இது உண்மையிலேயே மெட்ராஸ் கோர்ட் கொடுத்த காகிதம்' என்பதற்குத்தான் சாட்சியாம். அந்தக் காகிதத்துக்கு அங்கே கட்டுப்பட வேண்டும் என்பதற்கு இல்லையாம். அங்கே உள்ள கோர்ட்டில் மறுபடி மனு போட்டு, அங்கேயும் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டும். நம் உத்தரவை அவர்கள் ஒரு ஆதாரமாகப் பார்ப்பார்கள். பார்க்க மட்டும் செய்வார்கள்.

நம் ஹைகோர்ட் உத்தரவுக்குக் கடலைத் தாண்டினால் மதிப்பில்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய அடி தெரியுமா? சித்தி அப்படி அசந்துபோகவில்லை. "நம்ம ரேஷன் கார்டுல அங்க அரிசி போடுவானா? அந்த மாரிதான்" என்றாள். யோசித்துப் பார்த்தால் அதைவிடத் தெளிவாக எந்த வக்கீலும் எனக்குச் சொல்லவில்லை.

ஜெயந்தி மேடத்துக்குத் தெரிந்தவர் மூலமாகச் சிங்கப்பூரில் மணியம் என்று ஒரு தமிழ் வக்கீல் கிடைத்தார். அவரும் ஃபீஸ் கேட்கவில்லை. ஐஎஸ்டி பூத்தில் நின்று பேசினேன். "கவலப்படாதீங்க, செய்யலாம்-லா" என்றார். அந்த 'லா'வைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அங்கே மனு போட்டார். பேங்குக்கும் நோட்டீஸ் போனது. பேங்க் ஒரு படிவம் அனுப்பியது. நிரப்பித் தரச் சொல்லி மணியம் சார் அதை ஃபேக்ஸில் அனுப்பினார்.

இப்போது வருகிறேன் அந்தக் கட்டத்துக்கு.

'வாடிக்கையாளரின் பேச்சுத்திறன்?' — 'சில சொற்கள் பேசுவார்' என்று எழுதினேன். பொய்யில்லையே. ஒன்றும் பேச மாட்டார் என்று எழுதச் சித்தி விடவில்லை. ஒரே சொல் என்று எழுத எனக்கே மனம் வரவில்லை.

அடுத்த கேள்வி. 'வாடிக்கையாளரைத் தொலைபேசியில் தொடர்புகொள்ள முடியுமா?'

எங்கள் தெருவில் முதலில் போன் வைத்த வீடு சித்தப்பா வீடு. சிங்கப்பூர் சம்பளத்தில் வைத்த போன். அந்தக் காலத்தில் தெருவே அங்கே வந்துதான் பேசும். வீட்டில் போன் இருக்கிறதா என்றுதானே கேட்கிறார்கள்? ஆம் என்று டிக் அடித்தேன். பக்கத்திலேயே நம்பர் எழுதினேன். நாட்டுக் குறியீடு, ஊர்க் குறியீடு எல்லாம் சேர்த்து, அழகாக.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தேன். சித்தி தெருமுனையிலேயே நிற்கிறாள். முகம் எல்லாம் சிரிப்பு. அன்று மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து போன் வந்ததாம். தமிழ் பேசுகிற ஒரு பொம்பளையாம். சேகர் சாரிடம் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னாளாம். சித்தி ரிசீவரை அவர் காதில் வைத்துத் தலையணையால் அணை கொடுத்துவிட்டு, வெளியே வந்து நின்றுகொண்டாளாம்.

"அஞ்சு நிமிசம் பேசுச்சு கலா. நானே டைம் பாத்தேன். வேலைக்குப் போன காலத்துல பேசுற மாரியே, ஒவ்வொண்ணுத்துக்கும் நிறுத்தி நிறுத்தி. எவ்ளோ நாளாச்சு அது சிங்கப்பூர்க்காரங்க கூட பேசி."

சித்தப்பாவின் சிநேகிதர் தாஸ் மாமா ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். அவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். "இன்னா பவானி, ஆளு ரெடியாயி ஃப்ளைட் ஏறிடப் போறான், உசாரா இரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மறுநாள் மணியம் சாரின் போன் வந்தது. குரலில் 'லா' இல்லை.

"உங்க சித்தப்பா நல்லா பேசுறாராமே?"

அந்த அம்மா பேங்க் அதிகாரி. பேசியதை எழுதி வைத்து, கோர்ட்டுக்கு ஒரு நகல் கொடுத்திருக்கிறார்கள். மணியம் சார் அதை ஃபேக்ஸில் அனுப்பினார். ஃபேக்ஸ் வந்த கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். முழுதும் இவ்வளவுதான்:

வணக்கம், சேகர் சாரா? — ஓகே லா.

உடம்பு எப்படி இருக்கு? — ஓகே லா.

உங்கள் மனைவி உங்கள் கணக்கைக் கேட்டு மனு போட்டிருப்பது தெரியுமா? — ஓகே லா.

உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே? — ஓகே லா.

உங்கள் கணக்கை இப்போதைக்கு யாருக்கும் திறந்துவிடாமல் பத்திரமாக வைக்கட்டுமா? — ஓகே லா.

கீழே அதிகாரியின் குறிப்பு: வாடிக்கையாளர் தெளிவாகவும், உற்சாகமாகவும், உள்ளூர் வழக்கப்படியும் பேசினார். கணக்கைப் பத்திரமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். மனைவியின் மனு குறித்துச் சந்தேகம் எழுகிறது.

சந்தேகம். என் சித்தி மேல்.

கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? வெளிநாட்டில் சம்பாதித்தவன் உயிரோடு நன்றாக இருக்கும்போதே, அவனுக்குப் பைத்தியம் என்று சொல்லிப் பணத்தைச் சுருட்டுகிற சொந்தக்காரர்கள் இல்லையா? அவர் வேலையை அவர் சரியாகச் செய்திருக்கிறார். வேறு எந்தச் சொல் மிஞ்சியிருந்தாலும், இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். 'ஓகே லா' அவர் ஊர்ச் சொல், அவர் காதுக்கு அது சுகமான பதில்.

தப்பு யாருடையது? கட்டத்தை அழகாக நிரப்பிய என்னுடையது.

சித்தியிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. பிறகு அந்தக் காகிதத்தை வாங்கி — அவளுக்குப் படிக்கத் தெரியாது — விரலால் வரிகளைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ நா திருடியா?" என்று கேட்டாள். நான் காகிதத்தை வாங்கி மடித்து வைத்தேன்.

மனு தள்ளுபடியானால், இனி என்ன கொண்டுபோனாலும் அந்தக் குறிப்பு குறுக்கே நிற்கும் என்றார் மணியம் சார். டாக்டர் சொன்ன ஒரு வருஷத்தில் இரண்டு மாதம்தான் பாக்கி. ஒரே வழி — பேங்க் தானாகவே அந்தக் குறிப்பை வாபஸ் வாங்க வேண்டும். அவர் பேங்கில் போராடி ஒரு ஏற்பாடு செய்தார். அதே அதிகாரி மறுபடி போன் செய்வார். மணியம் சாரும் அங்கே பக்கத்தில் இருப்பார். இங்கே டாக்டரும் வக்கீலும் கூடவே இருந்து, ஸ்பீக்கரில் எல்லோர் காதுக்கும் கேட்கும்படி பேச வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை. ஜெயந்தி மேடம் தன் ஆபீஸ் ஸ்பீக்கர் போனைப் பையில் போட்டு எடுத்து வந்தார். டாக்டர் வந்தார். சாட்சிக்குத் தாஸ் மாமா. உள்ளே போனால்... சித்தப்பா முகச் சவரம் செய்து, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தலையில் எண்ணெய் மினுங்குகிறது.

ஜெயந்தி மேடம் என்னைப் பார்த்தார். "போன்ல பேசறதுக்கா?" என்று சித்தியிடம் மெதுவாகக் கேட்டார்.

"பேங்க்லேந்து பேசறாங்க மேடம். கலீஜா ஒக்கார வெச்சா அதுக்குத்தான் அசிங்கம்" என்றாள் சித்தி.

போன் வந்தது. டாக்டர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தார். உங்கள் பெயர் குப்புசாமியா? ஓகே லா. இது லண்டனா? ஓகே லா. உங்களுக்கு நூற்றைம்பது வயதா? ஓகே லா.

அந்தப் பக்கத்திலிருந்து அதிகாரியின் குரல், இரக்கமான குரல்தான்: "டாக்டர், இங்க ஆளுங்க இப்படித்தான் கிண்டலா பதில் சொல்வாங்க. தப்பாக் கேட்டா, வெறுப்பேத்தறதுக்கு ஓகே லா-ம்பாங்க. அவர் உங்களக் கேலி பண்ணலன்னு எப்படிச் சொல்றது?"

டாக்டர் ஏதோ மருத்துவப் பெயர் சொன்னார். அவர் புரிகிற மாதிரிதான் விளக்கினார். ஆனால் குரலில் கேட்ட அந்த உற்சாகத்தை எந்த மருத்துவப் பெயரும் ஜெயிக்கவில்லை. சித்தப்பா வேறு நடுவில் தானாகவே இரண்டு முறை ஓகே லா சொன்னார், நன்றாகவே சொன்னார்.

அப்போது சித்தி எழுந்தாள்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் சித்தப்பா நல்லவர். ஆனால் சந்தேகப் பிராணி. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதலில் கேட்பது, இந்த வாரம் வீட்டுக்கு யார் வந்தது என்பதுதான். கேபிள் டிவிக்காரன் உள்ளே வந்து ஒயரைச் சரி செய்தான் என்று ஒரு முறை சித்தி சொல்லப்போக, கேபிளையே கட் பண்ணச் சொன்னவர். மூன்று மாதம் அந்த வீட்டில் டிவி ஓடவில்லை. தெருவுக்கே தெரியும். அந்த விஷயத்தில் மட்டும் அவரிடம் விளையாட முடியாது. அவர் விழுகிற வரை தாஸ் மாமாகூட அந்த வீட்டில் வாசலோடு சரி.

சித்தி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். போனைப் பார்க்கவே இல்லை.

"இன்னாய்யா... நா ஒன்ன வுட்டுட்டு இன்னொருத்தன் கூட போயி வாழப் போறேன். இன்னா சொல்ற?"

சித்தப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். பவுடர் முகம் ஒரு பக்கமாக மலர்ந்தது.

"ஓகே லா."

தாஸ் மாமா சிரிக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். ஜெயந்தி மேடம் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சித்தி அவர் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னொரு முறை கேட்டாள், இந்த முறை எங்களுக்காக இல்லை என்று எனக்குத் தோன்றியது.

"நெசமாத்தான் சொல்றேன்யா. போட்டுமா?"

"ஓகே லா."

ஸ்பீக்கரில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு அந்த அதிகாரி சொன்னார்: "போதும்மா. புரிஞ்சிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மா கடைசியில் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. லைன் போய்விட்டது.

பேங்க் குறிப்பை வாபஸ் வாங்கியது. அங்கே உள்ள கோர்ட் சித்தியைக் காப்பாளராக நியமித்தது. பதினோராவது மாதத்தில் பயிற்சி ஆரம்பித்தார்கள். சித்தப்பா இப்போது தலையணை இல்லாமல் உட்காருகிறார். இடது கையால் டம்ளர் பிடிக்கப் பழகிவிட்டார். ஒவ்வொரு வருஷமும் எதற்குச் செலவு செய்தோம் என்று அந்தக் கோர்ட்டுக்கு நாங்கள் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்புவோம். அதில் ஒரு கட்டமும் நான் யோசிக்காமல் நிரப்ப மாட்டேன்.

ஜெயித்துவிட்டோம்தானே? தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சட்டத்தின் மேல் எனக்கு இப்போது பெரிய கோபமும் இல்லை. படுத்திருக்கிறவனின் உடைமைக்கு யாராவது காவல் நிற்க வேண்டும். வீட்டு ஆட்களையே சந்தேகப்பட்டாலும் நிற்க வேண்டும். அது எனக்குப் புரிகிறது.

புரியாதது வேறு. பத்து மாதமாக டாக்டர் சொல்லியும், வக்கீல் சொல்லியும், கோர்ட் உத்தரவே சொல்லியும் சித்தி ஒப்புக்கொள்ளாத ஒன்றை, அந்தச் சனிக்கிழமை அவளே தன் வாயால் நிரூபித்தாள். கேட்கச் சொல்லி நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்க வைத்தது நாங்கள்தான். சரியாகச் சொன்னால், நான் போட்ட ஒரு டிக்.

இப்போதும் ஆபீஸ் போகும்போது அந்த வீட்டைத் தாண்டித்தான் போகிறேன். சித்தியின் குரல் கேட்கும். "திரும்பு." "வாயத் தொற." "காலத் தூக்கு." முன்னைவிட நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள்.

கேள்விதான் கேட்பதில்லை. பதில் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.